உங்கள் வீட்டுக்குள் பருவம் மாறியதை முதலில் எது சொல்கிறது?

திண்ணைவாசி | டிசம்பர் 10, காலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் பாமணி ஆற்றங்கரையில் எங்கள் ஊர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. வந்த வாரமே ஒரு பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்குள் கண்ணில் பட்டதில் ஏதாவது ஒன்று, ஒரே ஒரு வரி. அதற்கு மேல் எழுதுவதில்லை. "புளிப்பானையைத் திறந்தால் ஈர வாடை." "அடுக்களை ஜன்னலில் எறும்பு வரிசை, முட்டையோடு." இப்படி.

நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வருடத்துக் கார்த்திகைப் பக்கங்களையும் சேர்த்துப் படித்தேன். மூன்றிலும் ஏறக்குறைய அதே தேதியில் அதே வரி: "வெயில் அப்பா நாற்காலியைத் தொட்டது."

எங்களுடையது நாட்டு ஓடு வேய்ந்த வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். ஆனி மாதம் உச்சி வெயில் முற்றத்தின் தெற்கு ஓரமாக விழும். ஆவணிக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து, கார்த்திகைக் கடைசியில் வடக்குத் தாழ்வாரத்துக்குள் ஏறி, சுவரோரம் கிடக்கும் சாய்வு நாற்காலியின் முன்காலைத் தொடுகிறது. சூரியன் தெற்கே போகப் போக வெயில் வடக்கே வரும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். அதையே சொந்த வீட்டுத் தரையில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இப்போது ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் உச்சிவேளையில் வெயில் எதுவரை வருகிறதோ அங்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைக்கிறேன்.

வெயில் நாற்காலிக்கு வந்தால் அடைமழை அநேகமாக முடிந்தது, பனி தொடங்கிவிட்டது என்று கணக்கு. எங்கள் வீட்டில் அதுதான் முதல் சேதி.

உங்கள் வீட்டில் எது? அப்புறம், அந்தந்தப் பருவத்தில் வீட்டோடு இருந்து என்ன செய்கிறீர்கள்? அந்தக் காலம் போச்சே என்ற வருத்தம் எல்லோருக்கும் உண்டு. அதைவிட, இந்த வாரம் உங்கள் வீட்டில் நடப்பதை எழுதினால் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.

வேப்பமரத்தடி | டிசம்பர் 10, காலை 9.15

அண்ணா, எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான். கோவையில் இருக்கிறோம். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். முதல் நாள் பாட்டில் அடியில் மட்டும் மேகம் மாதிரி லேசாக வெண்மை படரும். இரண்டாம் நாள் பாதி. மூன்றாம் நாள் கவிழ்த்தாலும் சொட்டாது, மகள் தலைவாரக் கத்திக்கொண்டு நிற்பாள், பாட்டிலை வெந்நீரில் நிறுத்த வேண்டும். இந்த வருடம் போன ஞாயிற்றுக்கிழமை அடியில் வெண்மை கண்டது.

அதைப் பார்த்ததும் சமையலறையில் இரண்டு விஷயத்தை மாற்றிவிடுவேன். தயிருக்கு உறை ஊற்றும்போது ஒரு ஸ்பூனுக்கு இரண்டு ஸ்பூன், பாலும் கொஞ்சம் கூடுதல் சூடாக. பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கி மூடி வைத்தால் காலையில் கட்டித் தயிர். இட்லி மாவு சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழியும், இப்போது ராத்திரி முழுக்க வைத்தாலும் காலையில் அரை விரல்தான் ஏறியிருக்கும். அதனால் மதியம் மூன்று மணிக்கே ஆட்டிவிடுகிறேன். கரண்டி போடாமல் கையால் கலக்கினால் மாவு சீக்கிரம் எழும் என்பது என் அனுபவம்.

பொழுதுபோக்கு என்றால், பழைய பருத்திச் சேலைகளை நான்காக மடித்துக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை ஆக்குகிறேன். மாமியாரின் சுங்குடிச் சேலை இரண்டு இப்போது கையில் இருக்கிறது. பொங்கலுக்குள் முடிந்துவிடும்.

ஏழாவதுமாடி | டிசம்பர் 11, இரவு 11.50

படிக்கப் பொறாமையாக இருக்கிறது சார். நான் வேளச்சேரியில் ஏழாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கணினி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. ஜன்னல் எல்லாம் வடக்குப் பார்த்தவை. முற்றமும் இல்லை, மண்ணும் இல்லை. மழை வந்தால் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் தண்ணீர் ஏறுமா என்ற பயம், வெயில் வந்தால் கரண்ட் பில். இந்த இரண்டைத் தவிர எனக்குப் பருவம் தெரியவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஏதாவது வழி உண்டா? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

வாலாட்டி | டிசம்பர் 12, காலை 7.05

தம்பி, உங்களுக்கு நிச்சயம் உண்டு. அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்திலோ மொட்டை மாடியிலோ, சிட்டுக்குருவியைவிட நீளமாக, மெலிதாக, ஓயாமல் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும் ஒரு குருவி இருக்கிறதா என்று நாளைக்குக் காலையில் பாருங்கள். அடிவயிறு மஞ்சளாக இருக்கும். அது இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இங்கே வந்து தங்குவது. புரட்டாசியில் வரும், பங்குனி சித்திரையில் போய்விடும். தான் தேர்ந்தெடுத்த இடத்தை அவ்வளவு எளிதில் விடாது, தினமும் அதே மூலையில் பார்க்கலாம்.

எனக்கு மதுரைக்கு வெளியே அழகர்மலைப் பக்கம் வீடு. எங்கள் வீட்டுக்குப் பருவத்தைச் சொல்வது ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரண்டு சீட்டி சேர்ந்தாற்போல் கூப்பிடுவதால் அந்தப் பெயர். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டிவிட்டு ஐப்பசியில் தெற்கே வரும். இராத்திரியில் பறந்து வருவதால் விளக்கு வெளிச்சத்துக்கு மயங்கி வீட்டுக்குள் விழுவதும் உண்டு. இந்த வருடம் ஐப்பசி மூன்றாம் நாள் விடியற்காலை எங்கள் கொல்லைப்புற வராந்தாவில் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, தோளில் ஒரு கீற்று நீலம், கண் வழியாகக் கருப்புப் பட்டை, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. என் உள்ளங்கை அளவுதான். துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டான அறையில் வைத்துவிட்டோம். தண்ணீரைப் பலவந்தமாக வாயில் ஊற்றக் கூடாது, அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. சாயங்காலம் கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே பெட்டியைத் திறந்தோம். ஒரு நிமிடம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தத்தித் தத்திப் புதருக்குள் போயிற்று. மறுநாள் ஆறு மணிக்குக் கொல்லையிலிருந்து சீட்டி கேட்டது. என் மனைவி கையில் இருந்த காபியை வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பால்கனியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே போதும். அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

மழைக்கணக்கு | டிசம்பர் 12, காலை 8.45

ஏழாவதுமாடி, இன்னொரு வழியும் இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போகும் சாவி கிடைத்தால் மழை அளக்கலாம். நான் தாம்பரத்தில் பதினாறு வருடமாக அளக்கிறேன். கடைக்குப் போய் வாய் விட்டம் 11.3 செ.மீ. உள்ள புனல் வாங்குங்கள். அதன் பரப்பு ஏறக்குறைய 100 சதுர செ.மீ. அதை ஒரு பெரிய பாட்டிலில் செருகி, திறந்த வெளியில், சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். காலையில் விழுந்திருக்கும் தண்ணீரை மருந்து அளக்கும் குவளையில் ஊற்றினால் 10 மி.லி.க்கு 1 மி.மீ. மழை. வானிலைத் துறை முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை என்று கணக்கு வைப்பதால் நீங்களும் அதே நேரத்தில் எடுங்கள். அப்போதுதான் செய்தியில் சொல்லும் எண்ணோடு ஒப்பிட முடியும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய மழையில் எங்கள் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவாயிற்று. என் பாட்டில் நள்ளிரவுக்கு முன்பே வழிந்துவிட்டது. அதிலிருந்து இருபது லிட்டர் கேன் வைத்திருக்கிறேன். நல்லவேளையாக இன்றுவரை அது நிரம்பவில்லை.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும், இருந்தாலும் தை பிறப்பதற்கு முன் ஒரு மழை வரும் வருடங்கள் உண்டு. இப்போதே வாங்கி வையுங்கள்.

ஏழாவதுமாடி | டிசம்பர் 13, காலை 7.30

வாலாட்டி ஐயா, இருக்கிறது! தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பக்கத்தில். நான் மூன்று வருடமாக அந்த இடத்தைக் கடந்துதான் வண்டி எடுக்கிறேன்.

நாஞ்சில்காற்று | டிசம்பர் 14, மாலை 4.20

நல்ல இழை. ஒரு சிறு சந்தேகத்தை இங்கேயே பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். நாம் பள்ளியில் ஆறு பெரும்பொழுது படித்தோம்: ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், மார்கழி தை முன்பனி, மாசி பங்குனி பின்பனி, சித்திரை வைகாசி இளவேனில், ஆனி ஆடி முதுவேனில். எங்கள் நாகர்கோவிலுக்கு இது பொருந்தவே இல்லை. எங்களுக்கு ஆனியில் தென்மேற்கு மழை, ஐப்பசியில் வடகிழக்கு மழை. நெல்லும் அதற்கேற்பக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு. முதுவேனில் என்று எழுதியிருக்கும் ஆனியில் எங்கள் வீட்டில் துணி காயாமல் அடுப்புக்கு மேலே கொடி கட்டுகிறோம். ஆக, புத்தகப் பருவத்தைவிட வீட்டுப் பருவம்தான் நிஜம் என்பேன்.

எங்கள் வீட்டில் முதல் சேதி கதவு. பலாமரத்துக் கதவு மழைக்கு ஊதி நிலையில் பிடித்துக்கொள்ளும், தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். மார்கழி நெருங்கும்போது ஒரு நாள் விரலால் தள்ளினால் தானாகத் திறக்கும். நேற்று திறந்தது.

திண்ணைவாசி | டிசம்பர் 14, இரவு 8.10

நாஞ்சில்காற்று ஐயா சொல்வது சரி என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் முழுக்க ஒதுக்க மனம் வரவில்லை. எங்கள் டெல்டாவில் கூதிர் என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. மழையும் வாடையும் சேர்ந்து எலும்புக்குள் ஏறும் குளிர் ஐப்பசி கார்த்திகையில்தான். முன்பனி, பின்பனி என்று பிரித்த நுணுக்கத்தையும் பாருங்கள். மார்கழியில் ராத்திரி ஏழு மணிக்கே வாசல் பெஞ்சு நனைந்துவிடுகிறது. மாசியில் படுக்கப் போகும்போது காய்ந்திருக்கும், விடியற்காலையில் நனைந்திருக்கும். மாலையில் விழுவது முன்பனி, பின்னிரவில் விழுவது பின்பனி என்று இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கதவு சேதி அருமை. என் டைரியில் இன்றைக்கு அதைத்தான் எழுதப் போகிறேன்.

நீலமலைக்காரி | டிசம்பர் 16, காலை 10.30

ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு முதலில் நீர்ப்பனி, அதற்குப் பின் உறைபனி. வீட்டுக்குள் சேதி சொல்வது தண்ணீர்க் குழாய். உறைபனி விழுந்த காலையில் குழாயைத் திறந்தால் முதல் அரை நிமிடம் ஒன்றும் வராது, பிறகு ஒரு செருமலோடு கொட்டும். வெளியே புல் எல்லாம் உப்பு தெளித்தது போல இருக்கும். தேயிலைக் கொழுந்து கருகுவதும் இப்போதுதான்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்டத்தில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்போம். அரசு தாவரவியல் பூங்காவிலும் அப்படித்தான் செய்கிறார்கள். அது முடிந்தால் அன்றைய வெளி வேலை முடிந்தது. ஐந்தரை மணியிலிருந்து கம்பளி நூலும் ஊசியும்தான். என் அப்பாவுக்கு ஒரு கழுத்துப்பட்டி பின்னிக்கொண்டிருக்கிறேன், சாம்பல் நிறம், ஓரத்தில் இரண்டு வரி நீலம்.

சுற்றுலா வருகிறவர்களுக்கும் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். புகை தெரியாது, வாசனையும் இருக்காது, உயிர் போய்விடும். குளிர் காய்ந்துவிட்டுப் படுக்கும் முன் அடுப்பை வெளியே வைத்துவிடுங்கள்.

பனங்காணி | டிசம்பர் 19, இரவு 9.40

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். எங்களுக்குப் பருவம் என்றால் காற்று. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வைகாசி தொடக்கம் அடிக்கும், பிறகு மாறி வாடை வரும். வாடை நிலைத்துவிட்டது என்பதைக் கட்டிலில் படுத்தபடியே அறிந்துகொள்ளலாம். இரவில் பட்டத்து விண் கூவும் சத்தம் கேட்கத் தொடங்கும். மூங்கில் வில்லில் நாடாவை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டுவதுதான் விண். பொடியன்கள் பின்னேரம் ஏற்றிப் பனையிலோ தென்னையிலோ கட்டிவிட்டுப் போவார்கள், அது விடிய விடியக் கூவும். ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒவ்வொரு குரல். என்ர அம்மம்மா கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் இருந்தவ. விண் சத்தத்தை வைத்தே "இன்றைக்கு மூன்று நிற்குது, ஒன்று புதுசு" என்று சொல்லுவா. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழா வரைக்கும் இந்தச் சத்தம் இருக்கும்.

வீட்டு வேலை என்றால் பனைதான். ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் விதைகளைப் பொறுக்கி மழைக்கு முன் பாத்தி போட்டிருக்கிறோம். தையில் கிண்டுவோம். கிழங்கை அப்படியே இரண்டாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். புழுக்கொடியலும் தேங்காய்ச்சொட்டும் மடியில் வைத்துக்கொண்டு பின்னேரம் முற்றத்தில் இருந்து கதைப்பது எங்களுக்கு ஒரு சுகம். இப்போதைக்கு நான் சார்வோலையில் நீத்துப்பெட்டி இழைக்கப் பழகுகிறேன். பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லித் தருகிறா. முதலாவது கோணி விட்டது. இரண்டாவதில் நேற்றுப் பிட்டு அவித்தோம்.

காவேரிக்கரைப்பாட்டி | ஜனவரி 8, மதியம் 2.00

எல்லாப் பதிவையும் பேத்தி படித்துக் காட்டினாள். அவளே எனக்காகத் தட்டச்சு செய்கிறாள். திருவரங்கம், வயது எழுபத்தெட்டு. எனக்கு மார்கழி என்றால் நாலு மணிக்குக் குளித்துவிட்டுக் கோலம். தரை ஈரமாக இருக்கும்போதே இழுத்தால்தான் மாவு ஒட்டும். முழங்கால் வலியால் இரண்டு வருடமாகப் பெரிய புள்ளிக் கோலம் போட முடியவில்லை, பேத்தி போடுகிறாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி எண்ணிச் சொல்கிறேன். பரங்கிப்பூ கொல்லையிலேயே பூக்கிறது. காலையில் பறித்தால் வாயை மூடிக்கொள்வதற்குள் சாணி உருண்டையில் வைத்துவிட வேண்டும்.

மத்தியானம் பல்லாங்குழி. ஒரு பக்கம் ஏழு குழி, மொத்தம் பதினாலு. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. ஒரு குழியை வழித்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போய், கடைசிக் கொட்டை விழுந்த குழிக்கு அடுத்ததை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும். பேத்தி பசுவைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறாள், நான் சொல்லிக் கொடுக்க மாட்டேன். அவளாகப் பார்த்து எடுக்கும் அன்றைக்கு அவளுக்கு ஒரு வெள்ளிச் சோழி தருவதாக இருக்கிறேன்.

வேப்பமரத்தடி | ஜனவரி 8, மாலை 6.30

பாட்டி, எங்கள் வீட்டில் குழிக்கு ஆறு. துடைத்து அள்ளும்போது எதிர்க் குழியில் இருப்பதையும் சேர்த்து அள்ளுவோம். அதனால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

காவேரிக்கரைப்பாட்டி | ஜனவரி 9, மதியம் 1.40

எதிர்க் குழியை அள்ளுவது என் நாத்தனார் வீட்டு ஆட்டம். அதுவும் ஆட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மார்கழி மத்தியானம் நீளமானது அம்மா, ஏன் சீக்கிரம் முடிக்க வேண்டும்?

ஏழாவதுமாடி | ஜனவரி 13, காலை 8.50

முதல் அளவு: 140 மி.லி., அதாவது 14 மி.மீ. நேற்று மாலையிலிருந்து இன்று காலை 8.30 வரை. லுங்கியோடு மாடியில் நின்று குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். காவலாளி அண்ணன் பக்கத்தில் வந்து என்ன என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் தன் ஊர் விருத்தாசலத்தில் இதே நேரம் எவ்வளவு பெய்தது என்று வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்தார். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மூன்று வருடத்தில் அவரிடம் நான் சாவியைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

பொங்கலுக்கு அம்மா வருகிறார். பல்லாங்குழி இருக்கிறதா என்று கேட்டேன். பரணில் இருக்கிறதாம், கொண்டு வருகிறேன் என்றார். எத்தனை முத்து என்று கேட்டதற்குப் "பன்னிரண்டு" என்றார். இனி அதையும் பேசித் தீர்க்க வேண்டும்.

வாலாட்டி | பிப்ரவரி 20, காலை 7.15

குயில் கூவ ஆரம்பித்துவிட்டது. மாசி எட்டு. இன்னும் குரல் முழுதாக வரவில்லை, பாதியில் நிறுத்திக்கொள்கிறது. அவரைப் பந்தலில் கடைசிக் காய்ப்பு. ஆடியில் ஊன்றிய அவரை பகல் சுருங்கினால்தான் பூக்கும், பகல் நீள நீளப் பூ நின்றுவிடும். கடைசிக் காய்களை முற்றவிட்டு, விதைக்கு நாலு நெற்றை மட்டும் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் போட்டாயிற்று.

காவேரிக்கரைப்பாட்டி | மார்ச் 11, மாலை 5.00

மாசிக் கடைசி. மாவடு வந்துவிட்டது, வடாமும் தொடங்கியாயிற்று. பலர் கேட்டதால் வடாமை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

பச்சரிசி நாலு பங்கு, ஜவ்வரிசி ஒரு பங்கு. அரிசியைக் களைந்து உலர்த்தி மாவாக்கிக்கொள்ள வேண்டும். ஜவ்வரிசியை ராத்திரியே ஊற வைக்க வேண்டும். விடியற்காலை நாலரைக்கு அடுப்பு. தண்ணீர் கொதித்ததும் ஜவ்வரிசியைப் போட்டு, அது கண்ணாடி ஆனதும் கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். பதம் எப்படித் தெரியும் என்றால், கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டால் ஒட்டக்கூடாது. உப்பு வாயில் வைத்தால் கொஞ்சம் குறைவாகத் தெரிய வேண்டும், காய்ந்தால் ஏறிக்கொள்ளும். காரம் அதற்கு மாறாகத் தூக்கலாக இருக்கட்டும், காய்ந்தால் இறங்கிவிடும். பச்சைமிளகாய் அரைத்தது, ஓமம், அடுப்பை அணைத்த பின் எலுமிச்சைச் சாறு.

ஆறரைக்குள் மாடியில் பழைய வேட்டியை நனைத்து விரித்துப் பிழிந்துவிட வேண்டும். ஏழு மணிக்கு மேல் கூழ் கெட்டியாகி உழக்குக் குழலை அடைக்கும். காக்காய்க்குக் கருப்புக் குடையை விரித்து வைப்போம். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் தானாகக் கழன்று வரும்.

போன வருடம் பிழிந்து முடித்த அன்றே மதியம் எதிர்பாராத மழை. மூன்று படி அரிசி வடாமும் வேட்டியோடு கரைந்துபோயிற்று. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த வருடம் மழைக்கணக்கு தம்பியிடம் கேட்டுத்தான் நாள் வைத்தேன். மூன்று நாள் வானம் தெளிவாக இருக்கும் என்றார், இருந்தது. இன்று சாயங்காலம் பாதி காய்ந்ததைப் பேத்தி தின்றுகொண்டே இருக்கிறாள். நேற்று மத்தியானம் பசுவை அவளாகவே எடுத்தாள். சோழியைக் கொடுத்துவிட்டேன்.

நீலமலைக்காரி | மார்ச் 12, காலை 11.10

பாட்டி, வாழ்த்துகள் பேத்திக்கு. கழுத்துப்பட்டி முடிந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார், கழற்ற மாட்டேன் என்கிறார். குழாயில் காலையிலேயே தண்ணீர் வருகிறது.

பனங்காணி | மார்ச் 15, இரவு 8.30

விண் சத்தம் நின்று கன நாள். ஒடியல் காய்ந்து தகரப் பேணியில் போட்டாயிற்று. வாடை போய்விட்டது, சோளகம் இன்னும் வரவில்லை. இரவில் ஒரு இலையும் அசையாது. இந்த அசையாத நாட்களுக்கு எங்களிடம் பெயர் இருக்கிறதா என்று ஆச்சியைக் கேட்டேன். "பெயர் என்னத்துக்கு, பாயை வெளியில போடு" என்றா. வேப்பமரத்துக்குக் கீழே படுக்கிறோம்.

ஏழாவதுமாடி | ஏப்ரல் 6, மாலை 5.40

திண்ணைவாசி சார், இன்றைக்கு ஒன்று பார்த்தேன், உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். என் ஜன்னல் வடக்குப் பார்த்தது, அதில் வெயிலே வராது என்றுதான் நினைத்திருந்தேன். சற்று முன் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது ஜன்னல் சட்டத்தின் உள் விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு வெயில். எழுந்து பென்சிலால் குறித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. இது சரியா, இல்லை எதிர்க் கட்டடக் கண்ணாடியில் பட்டு வருகிறதா?

வாலாட்டி ஐயாவுக்கு: தொட்டி மூடிப் பக்கம் குருவியை நாலு நாளாகக் காணோம்.

வாலாட்டி | ஏப்ரல் 6, இரவு 7.20

போயிருக்கும் தம்பி. புரட்டாசியில் அதே மூலையில் பாருங்கள்.

திண்ணைவாசி | ஏப்ரல் 7, காலை 6.30

சரிதான் தம்பி, அது சூரியனே. மார்ச் 21 வாக்கில் சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. அதற்குப் பிறகு கொஞ்சம் வடக்கே தள்ளி மறைவதால் மாலை வெயில் உங்கள் வடக்கு ஜன்னலைத் தடவிக்கொண்டு போகும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் உச்சியில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், அன்று நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு நிழல் விழாது. அதிலிருந்து ஆகஸ்ட் 18 வரை உங்கள் ஊருக்கு மதியச் சூரியனே வடக்கில்தான். பென்சில் கோடு போட்டது மிக நல்ல காரியம். தேதி எழுதி வையுங்கள். வாடகை வீடு என்பதால் சுவரில் வேண்டாம், ஒரு காகிதப் பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள்.

திண்ணைவாசி | ஏப்ரல் 18, மதியம் 1.05

இன்றைக்குச் சித்திரை ஐந்து. நேற்றும் இன்றும் எங்கள் ஊருக்கு நிழலில்லா நாள். பன்னிரண்டு மணிக்கே முற்றத்தின் நடுவில் பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து வைத்தேன். வீட்டில் அவளும் வந்து தூணில் சாய்ந்து நின்றாள். நிழல் கிழக்கே திரும்புவதற்கு முன் சொம்புக்கு அடியில் சுருங்கிக்கொண்டே வந்து, 12 மணி 12 நிமிடத்துக்கு விளிம்பைச் சுற்றி ஒன்றுமே இல்லை. ஓட்டு விளிம்பின் நிழல் நேர் கீழே தரையில் கோடு கிழித்தது போல நின்றது. கஜா புயலில், 2018இல், கொல்லைப்பக்கம் இரண்டு தென்னை சாய்ந்ததிலிருந்து இந்த முற்றத்தில் வெளிச்சம் அதிகம். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கும். இன்றைக்கு அந்த நினைவு வரவில்லை.

அப்பா நாற்காலிக்கும் வெயிலுக்கும் இப்போது நாலு புள்ளி தூரம்.

ஏழாவதுமாடி | ஏப்ரல் 18, மதியம் 1.30

24ஆம் தேதிக்கு விடுப்பு சொல்லிவிட்டேன் சார். காவலாளி அண்ணன் தன் சாப்பாட்டுத் தூக்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைத்தான் மாடியில் நிறுத்தப் போகிறோம்.